நாஞ்சில் நாடு: மலையின் கொடையும் மண்வெட்டியின் உழைப்பும்

நாஞ்சில் என்பது கலப்பைக்குப் பழந்தமிழ் வழங்கிய பெயர். ஊருக்கு மரத்தின் பெயரும் மலையின் பெயரும் அமைவதுண்டு. ஒரு நாட்டுக்கே உழுபடையின் பெயர் அமைவது அரிது. கலப்பை வடிவில் ஒரு மலை இருந்ததனால் அப்பெயர் வந்தது என்பாரும் உளர். எப்படியாயினும், புறநானூற்றிலே நாஞ்சில் வள்ளுவன் என்னும் தலைவன் பாடப்பெற்ற காலத்திலேயே இந்நாடு உழவோடு சேர்த்து எண்ணப்பட்ட நாடு என்பதில் ஐயமில்லை. தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களும் அடங்கிய பகுதியையே முன்னோர் நாஞ்சில் நாடு என வழங்கினர். அதனோடு கல்குளமும் விளவங்கோடும் சேர்ந்து, 1956 நவம்பர் 1-ஆம் நாள், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தினின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் உருவாயிற்று.

இங்கு வருவோர் பசிய வயலையும் தாமரை பூத்த குளத்தையும் கண்டு, இயற்கை அள்ளிக் கொடுத்த எழில் என்று வியந்து செல்கின்றனர். வியப்பதில் தவறில்லை. ஆனால் இயற்கை கொடுத்தது எது, மனிதன் செய்தது எது என்று பிரித்துப் பார்த்தவர் சிலரே. நாம் பார்த்த அளவில், இந்நாட்டின் மலையும் மழையும் கடலும் இயற்கையின் கொடை. வயலும் குளமும், ஏன், ஆற்றிலே ஓடும் நீரில் ஒரு பெரும்பகுதியுங்கூட மனிதனின் கைவேலை. அவ்வாறு கூறுவதற்கு உரிய சான்றுகளை இக்கட்டுரையில் காண்போம்.

முதலில் மலையிலிருந்து தொடங்குவோம். நிலம் மாறும் என்னும் உண்மையை நம் பழைய நூல்கள் இரண்டு வழிகளில் அறிந்திருந்தன. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. நிலம் என்றும் ஒரே நிலையில் நிற்பதன்று என்னும் நுட்பம் அதில் அடங்கியுள்ளது. மற்றொரு வழி, அரபி மொழியில் எழுதிய அறிஞர்களுடையது. கவாரிஸ்ம் நாட்டில் 973-இல் பிறந்த அபூ ரைஹான் அல்பீரூனி, 1030-ஐ ஒட்டி எழுதி முடித்த தம் இந்திய நூலில் ஓர் அரிய செய்தியைக் குறித்திருக்கிறார். மலையடிவாரத்தில் உருண்டு திரண்ட பெருங்கற்கள் கிடைக்கின்றன. மலையை விட்டு விலக விலகக் கற்கள் சிறுக்கின்றன. கடலை அணுகும்போது அவை பொடிந்து மணலாகிவிடுகின்றன. இதனைக் கண்ட அவர், வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்து நிலமாயிற்று என்னும் முடிவுக்கு வந்தார். அவருடைய காலத்தவரான இப்னு ஸீனாவும், மலைகள் எழுவதையும் நீரால் அரிக்கப்படுவதையும் ‘ஷிஃபா’ என்னும் பெருநூலில் ஆராய்ந்துள்ளார். நம் மத்ரஸாக்களில் இவ்விருவரின் பெயரை அறியாதவர் இல்லை. கல்லை எடுத்துப் பார்த்து மண்ணின் வரலாற்றைச் சொன்ன அவர்களுடைய முறையைக் கற்றவர்தாம் குறைவு.

பீரூனியின் அம்முறையை நம் கடற்கரையில் வைத்துப் பார்க்க விரும்புவோர் மணவாளக்குறிச்சிக்குச் செல்லட்டும். அங்கே கடற்கரை மணல் கருமையும் செம்மையும் கலந்து கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப் பழைய பாறைகள் எண்ணற்ற ஆண்டுகளாக மழையில் சிதைந்து, ஆறுகளால் கடலுக்குச் சென்று, அலைகளால் புடைக்கப்பட்டுக் கரைக்குத் திரும்பிய மணல் அது. இலேசானவை அடித்துச் செல்லப்பட, கனமானவை தங்கின. முறத்தில் அரிசி புடைப்பது போன்ற வேலையைக் கடல் செய்திருக்கிறது. இம்மணலில் மோனசைட்டு என்னும் அரிய கனிமம் இருப்பதை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் அதன் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார். அக்காலத்தில் வாயு விளக்குகளின் வலைகளுக்குத் தோரியம் தேவைப்பட்டது. கயிறு திரித்த ஏழைப் பெண்களின் விரலிடுக்கில் இருந்த மணலை ஐரோப்பா விலைக்கு வாங்கத் தொடங்கியது.

இனிக் கடலைப் பார்ப்போம். பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுள் மறைந்தன என்னும் செய்தி சிலப்பதிகாரத்தில் உள்ளது. அதைப் பற்றிக்கொண்டு, கடந்த நூறு ஆண்டுகளாக மாபெரும் கண்டம் ஒன்று தெற்கே மூழ்கியதாகப் பலர் எழுதினர். லெமூரியா என்னும் பெயரைத் தமிழர் வைக்கவில்லை. மடகாஸ்கர் தீவின் விலங்குகளை ஆராய்ந்த ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேயர் 1864-இல் வைத்தது அது. கண்டங்களே மெல்ல நகர்கின்றன என்று நிலவியல் நிறுவிய பின்னர் அக்கொள்கை கைவிடப்பட்டது. கண்டம் மூழ்கவில்லை என்பதனால் கடல் நிலத்தைக் கொள்ளவே இல்லை என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாக உறைந்து நிலத்தின்மீது தங்கியிருந்த காலத்தில், கடல் மட்டம் இன்றையதினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இலங்கை தனித் தீவாக இருக்கவில்லை. குமரி முனைக்குத் தெற்கே இன்று மீன்வளம் மிக்க ஆழமற்ற கடற்பரப்பாக விளங்கும் வாட்ஜ் திட்டு அன்று நிலமாகவே இருந்திருக்க வேண்டும். பனி உருகவே கடல் ஏறிற்று. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்புதான் அது ஏறத்தாழ இன்றைய மட்டத்தை அடைந்தது. அந்நெடிய காலத்தில் மக்கள் கடற்கரையில் வாழ்ந்து, தலைமுறைக்குத் தலைமுறை பின்வாங்கியிருப்பர். கடல்கோள் பற்றிய நினைவு அத்துணைத் தொலைவிலிருந்து வந்ததா என்பதை உறுதியாகக் கூற எவராலும் இயலாது. நாம் கூறுவது இவ்வளவே: கண்டத்தைப் பற்றிய கற்பனையை விடவும், கரை பின்வாங்கிய உண்மை நம் வியப்புக்கு உரியது.

அக்காலத்து மக்களின் அடையாளங்கள் அண்டை நிலத்தில் கிடைத்துள்ளன. திருநெல்வேலிச் சீமையின் தேரிகள், அதாவது செம்மணல் மேடுகள், காற்றும் கடலும் சேர்ந்து குவித்தவை. அவற்றின்மீது கைவிரல் நுனியளவே உள்ள நுண்கற்கருவிகள் சிதறிக் கிடப்பதைச் சூனரும் ஆல்சினும் ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டனர். வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்த அம்மக்கள் நிலத்தைப் பெரிதும் மாற்றியவர் அல்லர். நெல்லும் இரும்பும் வந்தபோதுதான் நிலத்தின் முகம் மாறியது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், பொருநைக் கரையை அடுத்த சிவகளையில் முதுமக்கள் தாழியினுள் கிடைத்த நெல்மணி கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என 2021-இல் அறிவிக்கப்பட்டது. அங்குக் கிடைத்த இரும்பின் காலம் அதனினும் பன்னூறு ஆண்டுகள் முந்தியது என 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மழை மிகுந்த நாட்டில் காட்டை வெட்டி வயலாக்க இரும்புக் கோடரி வேண்டும். அடர்ந்த காடு சூழ்ந்த நாஞ்சில் நாட்டுக்கு அது இன்றியமையாதது.

இங்கே இந்நாட்டின் நில அமைப்பைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பின்னர் வரும் செய்தியெல்லாம் இதனைச் சார்ந்தவை. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மலை கடலை நெருங்கி நிற்கிறது. கோதையாறும் பரளியாறும் அம்மலையில் பிறந்து, தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் பொழியும் மழையைப் பெற்றுப் பெருகுகின்றன. பின் இரண்டும் கலந்து, குழித்துறை வழியே சென்று தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கின்றன. இதற்கும் தாமிரபரணி என்ற பெயர் உண்டு. நெல்லைத் தாமிரபரணி வேறு. இங்கே நீர் உண்டு, ஆனால் நிலம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் விரிந்த வயலுக்கு இடமில்லை. கிழக்கே தோவாளை, அகத்தீசுவரத்தில் சமமான வளமண் உண்டு, ஆனால் மழை குறைவு. ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே காற்றுதான் மிகுதியாக வருகிறது. முப்பந்தலில் இன்று நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழல்வதே அதற்குச் சாட்சி. இச்சமவெளிக்கு வாய்த்த பழையாறு சுருளகோட்டருகே தோன்றி மணக்குடியில் கடலைச் சேரும் சிற்றாறு. அது தன் சொந்த நீரைக் கொண்டு இத்தனை வயலையும் காத்திருக்க இயலாது.

அப்படியாயின் நாஞ்சில் நாடு எப்படி நெற்களஞ்சியம் ஆயிற்று? பரளியாற்றின் குறுக்கே ஓர் அணையைக் கட்டி, இரு ஆறுகளுக்கும் இடையே உள்ள மேட்டை வெட்டி, மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே பழையாற்றுக்குத் திருப்பினர் நம் முன்னோர். அக்கால்வாய் பாண்டியன் கால் என்றே இன்றும் வழங்குகிறது. எந்தப் பாண்டியன், எந்த ஆண்டு என்னும் வழக்கில் நாம் புகவில்லை. நாம் வியப்பது அதன் கருத்தை. ஓர் ஆற்றின் நீரை மற்றோர் ஆற்றின் பள்ளத்தாக்குக்குக் கொண்டுசெல்ல வேண்டுமெனின், மலையின் சரிவைக் கண்ணால் அளந்து, எங்கே வெட்டினால் நீர் தானே இறங்கும் என்று அறிந்திருக்க வேண்டும். இன்று நாம் பழையாறு என்று அழைப்பது பாதி ஆறு, பாதி வாய்க்கால்.

ஆற்றைத் திருப்புவது எப்பொழுதும் நன்மையே தரும் என்று எண்ணிவிடலாகாது. முன்னர்க் குறித்த பீரூனி, தம் தாயகத்து ஜைஹூன் நதி காலந்தோறும் போக்கு மாறியதை எழுதியவர். அதே ஜைஹூன் நீரை, 1960-க்குப் பின், சோவியத் ஆட்சியினர் பருத்தி வயல்களுக்காக அளவின்றித் திருப்பினர். அந்நதி சென்று சேர்ந்த ஆரல் கடல் ஐம்பது ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி வற்றிப்போய், உப்புப் புழுதி பறக்கும் பாலையாயிற்று. (ஆரல்வாய்மொழிக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமையன்றி உறவேதுமில்லை.) அங்கே நீரைக் கொண்டுசென்றனர், அளவைக் கொண்டுசெல்லவில்லை. இங்கே பாண்டியன் காலில் வந்த நீர் ஒரே மூச்சில் கடலுக்கு ஓடாதபடி, படிப்படியாகத் தடுத்து, குளத்துக்குக் குளம் கைமாற்றினர். பழையாற்றின் நெடுகிலும் உள்ள சிறு அணைகளின் பெயரைக் கேட்டாலே வரலாறு பேசும்: வீரப்புலி அணை, பள்ளிகொண்டான் அணை, சபரி அணை, குமரி அணை, சோழன்திட்டை அணை, மிஷன் அணை. சோழர் பெயர் தொடங்கிப் பாதிரிமார் காலம் வரையில் ஓராற்றின் மீதே எழுதப்பட்டிருக்கிறது.

குளங்களோ கணக்கில் பல. மலையடிவாரம் முதல் கடற்கரை வரை ஒன்றன் மறுகால் நீர் மற்றொன்றுக்கு வரத்தாகும்படி அவற்றை அமைத்தனர். மேற்குளம் நிரம்பினாலன்றிக் கீழ்க்குளம் நிரம்பாது. ஆகவே ஓர் ஊரார் மடையை அடைத்தால் அடுத்த ஊரின் பயிர் வாடும். இதனால் எழுந்த வழக்குகளும் உடன்பாடுகளும் ஓலைகளில் ஏறின. கோடையில் குளத்து வண்டலை வாரி வயலுக்கு இடுவர். குளம் ஆழமாகும், வயல் வளமாகும். அறுவடைகளுக்கு இந்நாட்டார் வைத்த பெயர்களும் அழகியவை: கன்னிப்பூ, கும்பப்பூ. போகம் என்பதனைப் பூ என்று அழைத்த நாடு இது.

ஊர்ப் பெயர்களிலும் நிலத்தின் வரலாறு பதிந்துள்ளது. நீர் ஏறாத மேட்டுத் தோட்ட நிலத்துக்கு இங்கே விளை என்று பெயர். பனையும் தென்னையும் நின்ற இடங்கள் அவை. களியக்காவிளை, அம்மாண்டிவிளை என வரிசையாகச் சொல்லலாம். நம்மவர் திரளாக வாழும் திட்டுவிளையும் அவ்வாறே திட்டாகவும் விளையாகவும் இருந்த இடம் என்பதைப் பெயரே சொல்லும். கோடு என முடிவன மலைச்சரிவை உணர்த்தும். திருவிதாங்கோடு, விளவங்கோடு அத்தகையன. பள்ளம், சேரி, குளம், ஊர் என்பன தாழ்வும் நீரும் உள்ள இடங்கள். ஊர்ப் பெயர்ப் பட்டியலை உயரத்தின்படி வரிசைப்படுத்தினால் மாவட்டத்தின் வரைபடமே கிடைத்துவிடும்.

நிலம் அளந்து கைமாறிய வரலாறும் பழமையானது. ஆய் மரபைச் சேர்ந்த கருநந்தடக்கன் 866-இல் முஞ்சிறைச் சபையாரிடம் நிலத்துக்கு நிலம் கொடுத்து மாற்றிக்கொண்டு, பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும், 95 மாணவர் தங்கிப் பயிலும் சாலையும் நிறுவியதைச் செப்பேடு கூறுகிறது. ஆசிரியத் தொழில் செய்யும் நமக்கு அந்த 95 என்னும் எண் மீது தனி ஈர்ப்பு உண்டு. உண்ண நெல் விளையாமல் கல்விச் சாலை நடவாது என்பதை அன்றைய அரசன் அறிந்திருந்தான்.

ஆயினும் செப்பேட்டில் அரசன் பெயர் உண்டு, சபையின் பெயர் உண்டு. மண் சுமந்தவன் பெயர் இல்லை. குளம் வெட்டியதும் கரை உயர்த்தியதும் சேற்றில் நின்று நாற்று நட்டதும் எவர் கைகள்? நாஞ்சில் நாட்டுப் பழைய ஓலைகளில் நிலத்தோடு மனிதரையும் விற்ற அடிமை ஓலைகள் உள்ளன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை போன்றோர் தேடிக் கண்ட ஓலைகளால், அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டில் சேர்ந்திருந்த ஆவணங்களின் செல்வம் வெளியுலகுக்குத் தெரிந்தது. கூலியின்றி உழைக்க வைக்கும் ஊழியம் என்னும் கொடுமையும் இருந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். நாஞ்சில் வயலின் பசுமையைப் போற்றும்போது இதனை மறைப்பது வரலாறாகாது. பாண்டியன் கால் என்று பெயர் வழங்கினும், பாறையில் உளி பிடித்தவன் பாண்டியன் அல்லன்.

கடற்கரைக்கு வருவோம். நம் சமூகத்தின் பழைய குடியிருப்புகளில் ஒன்றான தேங்காய்ப்பட்டணம் ஆற்றுமுகத்தில் அமைந்தது தற்செயல் அன்று. நல்ல குடிநீரும், படகு ஒதுங்க அமைதியான நீர்ப்பரப்பும், உள்நாட்டு விளைபொருள் இறங்கி வரும் வழியும் ஒருங்கே வாய்த்த இடங்களையே கடல்வணிகர் தேர்ந்தனர். அங்குள்ள பள்ளிவாசலை மாலிக் இப்னு தீனாரின் காலத்தோடு இணைத்துக் கூறும் மரபு உண்டு. கிழக்கே கோட்டாறு நெசவும் வணிகமும் ஓங்கிய பேரூர். தென்காசியில் பிறந்த பீர் முகம்மது அப்பா, 17-ஆம் நூற்றாண்டில் தக்கலையில் நெசவு செய்து வாழ்ந்து ஞானப் பாடல்கள் இயற்றினார். கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் சதாவதானி செய்குத் தம்பிப் பாவலர் 1874-இல் பிறந்தார். கடலும் கணவாயும் திறந்த வாயில்களாக இருந்தமையால் மொழிகளும் மனிதரும் இங்கு எளிதில் கலந்தனர்.

ஆனால் ஆற்றுமுகங்கள் நிலையானவை அல்ல. மழை குறைந்தால் அலை மணலைக் குவித்துப் பொழியை அடைத்துவிடும். வெள்ளம் வந்தால் அதனை வெட்டித் திறக்க வேண்டும். மனிதன் இட்ட திட்டத்தை மணல் தோற்கடித்த கதையும் இக்கரையில் உண்டு. குமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே படகு செல்லவென்று 1860-இல் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாயைத் தொடங்கினர். மூன்று பெயர்களையும் தாங்கிய அக்கால்வாய் முற்றுப்பெறாமலே நின்று, வெட்டிய பகுதியும் தூர்ந்துபோயிற்று.

மன்னர் மூலம் திருநாள் காலத்தில், மிஞ்சின் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1897 முதல் 1906 வரை கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டினார். அவருடைய உடல் அவ்வணையருகேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 1950-களின் தொடக்கத்தில் பரளியாற்றில் பெருஞ்சாணி அணை எழுந்தது. 1966-இல் மாத்தூரில் 28 தூண்களின்மேல், 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து மறுகுன்றுக்கு நீரைச் சுமந்து செல்லும் தொட்டிப்பாலம் அமைந்தது. பாண்டியன் காலின் கருத்தைச் சிமிட்டியில் வளர்த்த வேலை என்றே இதனைக் கொள்ளலாம்.

அணைகள் பெருகிய அதே நூற்றாண்டில் வயல்கள் சுருங்கத் தொடங்கின. மலைச்சரிவில் காட்டை அகற்றி ரப்பர் வந்தது. பணப்பயிர் என்னும் ஆசையில் வயலிலே தென்னையும் வாழையும் ஏறின. அதன்பின் வீட்டு மனைகள் வந்தன. மேட்டிலிருந்து செம்மண்ணை வண்டி வண்டியாகக் கொணர்ந்து வயலில் கொட்டி, வயலை விளையாக்குகின்றனர். பழம்பெயர் முறையில் சொன்னால், விளை இறங்கிப் பள்ளத்துக்கு வந்துவிட்டது. குன்றுகளை உடைத்த கல்லும் சரளையும் லாரிகளில் மாநில எல்லை தாண்டிச் செல்வதைப் பற்றிய வழக்குகளும் போராட்டங்களும் பல. மழையும் ஆறும் எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளில் செய்யும் வேலையை வெடிமருந்து சில மாதங்களில் முடிக்கிறது. ஆறு கொணர்ந்த மண் நம் வயலில் தங்கிற்று. லாரி கொண்டுசெல்லும் மண் நமக்குத் திரும்பி வருவதில்லை.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை மணக்குடிப் பாலத்தைப் பெயர்த்தெறிந்தது. கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் இருந்த தொடர்பு ஒரு காலைப்பொழுதில் அறுந்தது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் கடலில் மீனவர் பலரைப் பலிகொண்டதோடு, ரப்பர், வாழைத் தோட்டங்களையும் வீழ்த்தியது. ஆழமாக வேரூன்றிய பழங்காடு நின்ற சரிவுக்கும், வரிசையாக நட்ட ஒரே வகை மரம் நின்ற சரிவுக்கும் உள்ள வேறுபாடு அன்று கண்கூடாயிற்று. 2021 நவம்பர் மழையில் குளங்கள் உடைந்து, வயலும் தெருவும் வெள்ளக்காடாயின. வெள்ளம் தேடிச் சென்ற வழிகளில் பல, பழைய மறுகால் ஓடைகள். வீடு கட்டியவர் ஓடையை மறந்திருந்தனர், நீர் மறக்கவில்லை.

சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நடு ஆசியாவைக் கடந்து வரும் பறவைகள், பீரூனி பிறந்த நாட்டின் வானத்தையும் தாண்டி, குளிர்காலத்தில் இங்கு வந்து இறங்குகின்றன. இவை காட்டு ஏரிகள் அல்ல. நெல்லுக்காக மனிதர் வெட்டி, கரை எழுப்பி, ஆண்டுதோறும் தூர்வாரிக் காத்த குளங்கள். பறவைகளுக்கு வேண்டிய ஆழமற்ற நீரும், தவளையும் மீனும் நத்தையும் நிறைந்த சேற்று வயலும் உழவின் துணைவிளைவாகவே அமைந்தன. குளத்தைச் சட்டம் காக்கிறது. குளத்துக்குக் கீழே உள்ள வயலை அச்சட்டம் காக்கவில்லை. தேரூரைச் சுற்றிலும் இன்றும் கும்பப்பூ விளைகிற வயல்களுக்கு நடுவே மனை எல்லைக் கற்கள் நடப்பட்டிருப்பதைச் சாலையில் செல்பவர் எவரும் காணலாம். மடை திறக்கும் நாளில் நீர் அக்கற்களைச் சுற்றிக்கொண்டு பழைய வழியே ஓடுகிறது.